மடைக்குறியும் புள்ளியுருவும்

நண்பர்களுக்கு வணக்கம்.

அடுத்து வருவது எழுத்தல்ல, கட்டளை என்று அச்சுப்பொறிக்கு அறிவிக்கும் எஸ்கேப் குறிக்குத் 'தப்பித்தல் குறி' என்றும், அதைக் கொண்டு சிறு அச்சுப்பொறியில் வரையும் படத்துக்குப் 'புள்ளிக்கோலம்' என்றும் முன்மொழியப்பட்டுள்ள இரண்டு சொற்களையும் என்னால் ஏற்க இயலவில்லை. பொறி செய்யும் வேலையைப் பாராமல் அகராதியை மட்டும் பார்த்ததால் வந்த சொற்கள் இவை என்பது என் கருத்து.

காசிமேட்டில் மீன் கடை வைத்திருக்கும் என் மைத்துனருக்காக, 58 மில்லிமீட்டர் ரோலில் அச்சிடும் வெப்ப அச்சுப்பொறி ஒன்றுக்கு பில் போடும் மென்பொருள் எழுதினேன். அந்தப் பொறிக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. ஆகவே 'வஞ்சிரம்' என்ற சொல்லும் அதற்கு ஒரு படம்தான். மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, அச்சாகும் 48 மில்லிமீட்டர் அகலத்துக்கு 384 புள்ளி என்று கணக்கிட்டு, தமிழ் வரிகள் அனைத்தையும் புள்ளிகளாக மாற்றியே அனுப்ப வேண்டியிருந்தது.

பில்லின் தலைப்பில் சிறிய மீன் ஒன்று வேண்டும் என்றார் மைத்துனர். அச்சுப்பொறி நிறுவனமான எப்சன் வகுத்த முறைப்படி 27, 42, 0, 8, 0 என்ற ஐந்து எண்களை முதலில் அனுப்பினேன். 27 என்பதே எஸ்கேப். 42, படம் வருகிறது என்று அறிவிக்கிறது. அடுத்த 0, எட்டுப் புள்ளி உயரம் என்கிறது. கடைசி இரண்டும் சேர்ந்து செங்குத்து வரிசைகளின் எண்ணிக்கை, இங்கே எட்டு. அதன்பின் 24, 60, 126, 126, 60, 24, 60, 102 என்ற எட்டு எண்கள், வரிசைக்கு ஒன்றாக. மேல் புள்ளியின் மதிப்பு 128, அடுத்தடுத்துப் பாதியாகி அடிப் புள்ளியின் மதிப்பு 1. ஆகவே 16உம் 8உம் சேர்ந்த 24 நடுவிலுள்ள இரு புள்ளிகளைக் கறுப்பாக்கி மீனின் வாயாகிறது. 102 பிளவுபட்ட வாலாகிறது. இந்த முறையில் புள்ளி அகலத்தைவிட உயரம் கூடி விழுவதால், நெத்திலியை எதிர்பார்த்த இடத்தில் வவ்வால் மீன் வந்து நின்றது வேறு கதை.

முதல் முறை வரிசைகளின் எண்ணிக்கையை எட்டு என்பதற்கு ஏழு என்று எழுதிவிட்டேன். வாலில்லாத மீனும், அதன் பக்கத்தில் ஆங்கில எஃப் எழுத்தும் அச்சாயின. ஏழு வரிசையோடு படம் முடிந்தது என்று பொறி எடுத்துக்கொண்டதால், எஞ்சிய 102, தன் வழக்கமான பொருளாகிய எஃப் எழுத்தாகவே வெளிவந்தது. கூட்டிச் சொல்லியிருந்தால், அடுத்து வரும் எழுத்தைப் புள்ளியாக எண்ணி விழுங்கியிருக்கும்.

இதில் யாரும் எதிலிருந்தும் தப்பிக்கவில்லை. பொறிக்கு அனுப்பும் இந்த எண்களின், அதாவது பைட்டுகளின், ஓட்டம் ஒன்றே. எழுத்து வாய்க்காலில் போய்க்கொண்டிருந்த அதே ஓட்டத்தை 27 வேறு வாய்க்காலுக்குத் திருப்புகிறது, சொன்ன எண்ணிக்கை தீர்ந்ததும் அது பழைய வாய்க்காலுக்கே திரும்புகிறது. நிதியை மடைமாற்றினார்கள் என்று நாளிதழ்கள் எழுதும் சொல் இங்கே அப்படியே பொருந்துவதால், 'மடைக்குறி' என்று வைக்கலாம் என்கிறேன். வயலே இல்லாத தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு மடையைப் பற்றிப் பேசுவதை நீங்கள் வேடிக்கையாக நினைத்தாலும் சரி.

புள்ளிக்கோலம் அழகான சொல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கோலத்தில் புள்ளி என்பது துணை. கோடு அதைச் சுற்றியோ, அதன்மேல் ஓடியோ உருவத்தை உண்டாக்கும். அச்சுப்பொறியிலோ கோடே கிடையாது, புள்ளிகளே நெருங்கி நின்று உருவமாகின்றன. ஆதலால் 'புள்ளியுரு' போதும். மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளியோடு குழம்பும் இடங்களில் மட்டும், பொறி இடும் புள்ளியை 'அச்சுப்புள்ளி' என்று விரித்து எழுதலாம். 24 புள்ளி உயரத்தில் 'ம்' என்ற எழுத்தை அமைக்கும்போது எனக்கே இந்தக் குழப்பம் வந்தது.

செங்குத்து வரிசைக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. பாடநூல்களில் கிடைவரிசை நிரை, செங்குத்து வரிசை நிரல். ஆனால் கணினித் தமிழில் நிரல் என்பது கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்புக்குப் பெயராகிவிட்டது. 'புள்ளிநிரல்' என்றால் எட்டுப் புள்ளிகள் அடுக்கிய ஒரு வரிசை என்று எவரும் கொள்ளமாட்டார்கள். 'புள்ளித்தூண்' என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.