பைத்தானில் "கோவில்பட்டி" தேடினால் -1 வருகிறது, "கட" தேடினால் கட்டுமாவடியும் வருகிறது

கேள்வி:
வணக்கம். ஊர்ப் பெயர்களைத் தேட பைத்தான் 3-ல் சின்னதாக ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பட்டியல் நானே தட்டச்சு செய்தது, இன்னொன்று பழைய மேக் வட்டில் இருந்த கோப்புப் பெயர்களிலிருந்து எடுத்தது. இரண்டிலும் கோவில்பட்டி இருக்கிறது, திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை, ஆனால் ஒன்றை வைத்து இன்னொன்றில் தேடினால் ஃபைண்ட் (find) -1, அதாவது இல்லை என்று தருகிறது. நீளம் பார்க்க லென் (len) போட்டால் ஒன்று 11, மற்றொன்று 12. கண்ணுக்குத் தெரிவது 6 எழுத்துதானே? அப்புறம் "கட" என்று தேடினால் கடலூரோடு கட்டுமாவடியும் வருகிறது. என்ன செய்வது?

பதில் 1:
பைத்தான் நம் எழுத்துகளை எண்ணுவதில்லை, யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. "வி" என்பது வ, அதன் பின் ி, ஆக இரண்டு. "கோ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க, ோ என்று இரண்டாக, அல்லது க, ே, ா என்று மூன்றாக. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும், உங்கள் 12 அங்கிருந்து வந்திருக்க வேண்டும். யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்குக் கூப்பிடுங்கள், தேடும் சொல், தேடப்படும் உரை இரண்டுக்கும். இதைச் செய்யாவிட்டால் இன்னொரு கோளாறும் உண்டு, பிரிந்து கிடக்கும் "கோ"வுக்குள் "கே" இருப்பதாக ஃபைண்ட் சொல்லும்.

பதில் 2:
கட்டுமாவடி வருவதற்குக் காரணம் புள்ளியும் தனிக் குறியீடு என்பதுதான். க, ட, ் என்ற வரிசையில் முதல் இரண்டும் "கட" தானே, நிரலின் கணக்கில் அது சரியான பொருத்தம். ரெகெக்ஸில் (வடிவம் சொல்லித் தேடும் முறை) பின்னால் ா, ி, புள்ளி போன்ற துணைக்குறி வரக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்:

கட(?![ா-்ௗ])

எடிட்டரில் குறிகளுக்குப் பக்கத்தில் புள்ளிகளாலான வட்டம் தெரியும், பயப்பட வேண்டாம், வேலை செய்யும். எழுத்து எழுத்தாகவே வேண்டுமென்றால் ஓபன்-தமிழ் நூலகத்தில் கெட்_லெட்டர்ஸ் இருக்கிறது, அது உரையை எழுத்துப் பட்டியலாகப் பிரித்துத் தரும்.

இன்னொன்று, இஃப் வரியில் ஃபைண்டை அப்படியே போடாதீர்கள். சொல் முதலிலேயே இருந்தால் 0 வரும், இஃப் கணக்கில் அது பொய். இல்லவே இல்லையென்றால் -1, அது மெய். இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் பைத்தானின் இன் (in) போதும்.

பதில் 3:
மேலே சொன்ன ரெகெக்ஸ் சரிதான், ஆனால் தட்டச்சு செய்யச் செய்யப் பரிந்துரை காட்டும் பெட்டி என்றால் அதை வைக்கவே கூடாது என்பேன். "கட்டு" என்று அடிக்க வருபவர் பல விசைப்பலகைகளில் "கட"வைக் கடந்துதான் போவார், அந்த நொடியில் கட்டுமாவடியை மறைத்தால் ஊரே இல்லை என்று நினைத்துக்கொள்வார். முழுச் சொல்லையும் அடித்துத் தேடும் இடத்தில் மட்டும் வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி, என்எஃப்சி போட்டதும் இரண்டும் 11 ஆகிவிட்டது. தேடிய இடத்தை மஞ்சளில் காட்ட நினைக்கிறேன், ஃபைண்ட் தரும் எண்ணை மூல உரையிலேயே பயன்படுத்தலாமா?

பதில் 1:
வேண்டாம். அந்த எண் மாற்றிய உரைக்கு உரியது, மூலத்தில் முன்னால் ஒரு "கோ" பிரிந்து இருந்தாலே ஓரிடம் தள்ளிப்போய்விடும். கோப்பைப் படிக்கும்போதே மாற்றி, அந்த உரையையே காட்டுங்கள். என்எஃப்சி தீர்க்காத ஒன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள்: பலர் ஔவையார் என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக "ஒளவையார்" என அடிக்கிறார்கள். யூனிகோட் கணக்கில் இவை வேறு வேறு சொற்கள். "ஒள" வரும் இடத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் "ஒளி" கெட்டுப்போகும், அதனால் பதில் 2-ல் உள்ள அதே நிபந்தனையோடு, சொல்லின் முதலில் வரும்போது மட்டும் மாற்றுங்கள்.