லிஃப்டில் இரண்டு பேர்

குழு: எங்கள் அடுக்ககம், மந்தைவெளி (12 வீடுகள்)
30 ஆகஸ்ட் 2020, ஞாயிறு

இரவு 8.12

செயலாளர் 1ஏ: செய்தி பார்த்தீர்களா? நாளை மறுநாளிலிருந்து மாவட்டத்துக்குள் பஸ் ஓடும். மாநிலத்துக்குள் போக இ-பாஸ் வேண்டாம். கோயில், மசூதி, சர்ச் எல்லாம் மக்களுக்குத் திறக்கிறார்கள். மால்களும் உண்டு. மெட்ரோ 7ஆம் தேதி. ஞாயிறு முழு ஊரடங்கு இன்றோடு சரி.

கார்த்தி 3சி: சனிக்கிழமை சாயந்தரம் கறிக்கடையில் கும்பலில் நசுங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் பத்திரமாக இருக்கும் திட்டம் ஒருவழியாக முடிந்தது 🙏

கீதா 2பி: 😂😂

பாட்டி 1சி: பேத்தி டைப் அடித்துத் தருகிறாள். கபாலி கோயில் செவ்வாய்க்கிழமை காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்? ஐந்து மாதமாகக் கோபுரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பாட்டி 1சி: இது பேத்தி. நான் எழுதியதாக யாரும் நினைக்க வேண்டாம். 65 வயதுக்கு மேல் இருப்பவர்கள் வீட்டில் இருப்பதே நல்லது என்று அரசே சொல்லியிருக்கிறது. பாட்டிக்கு 78.

ஷாஜஹான் பாய் 3ஏ: எங்கள் வீட்டிலும் இதே வழக்குதான். வாப்பாவுக்கு ஜும்ஆ போக வேண்டும். பக்ரீத் தொழுகையையே மொட்டைமாடியில் முடித்தோம், இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்கிறேன். "கவர்மெண்டே திறந்துவிட்டது, நீ யார் பூட்ட?" என்கிறார்.

சிஸ்டர் 2ஏ: இப்போதுதான் டியூட்டி முடிந்து வந்தேன். திறந்துவிட்டார்கள் என்பதால் கொரோனா போய்விட்டதாக நினைக்க வேண்டாம். மாநிலத்தில் தினமும் ஆறாயிரத்தை ஒட்டியே வருகிறது. ஜூன் 19-ல் நம்மை உள்ளே வைத்துப் பூட்டினார்களே, அன்று தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தாலும் இதில் பாதிகூட இல்லை.

செயலாளர் 1ஏ: அப்போது டெஸ்ட் குறைவு சிஸ்டர்.

சிஸ்டர் 2ஏ: உண்மைதான் சார். இப்போது கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடுக்கிறார்கள். சென்னையும் ஜூன் கடைசியில் இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது. அப்படியும் நகரத்தில் தினம் ஆயிரத்துக்கு மேல். செவ்வாய்க்கிழமை எல்லோரும் வெளியே போனால் அது என்ன செய்தது என்று இரண்டு வாரம் கழித்துத்தான் எண்ணிக்கையில் தெரியும். பாட்டியும் வாப்பாவும் அதுவரை பொறுத்தால் போதும்.

பாட்டி 1சி: இரண்டு வாரம் என்றால் சரி. உள்ளே போக மாட்டேன், தெருவில் நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்றால்?

சிஸ்டர் 2ஏ: காலை ஆறு மணிக்கு, கும்பல் இல்லாதபோது, மாஸ்க் மூக்குக்கு மேல் இருந்தால் போகலாம் பாட்டி. போகும்போது மாஸ்க், சாமி வந்ததும் தாடைக்கு இறக்குவது, அது கூடாது.

கார்த்தி 3சி: எஸ்.பி.பி.கூட 5ஆம் தேதி லேசாகத்தான் இருக்கிறது என்று வீடியோ போட்டார். இன்னும் ஐசியூவில் இருக்கிறார். துபாய் போன சிஎஸ்கேவில் 13 பேருக்கு. அவ்வளவு டெஸ்ட், அவ்வளவு பாதுகாப்பு, அவர்களுக்கே.

இரவு 8.40

செயலாளர் 1ஏ: முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பஸ் விட்டால் வீட்டு வேலைக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். என் யோசனை: 1) கொரோனா டெஸ்ட் சான்று காட்ட வேண்டும். 2) லிஃப்ட் கூடாது, படியில்தான் ஏற வேண்டும். 3) கேட்டில் வாட்ச்மேன் காய்ச்சல் பார்ப்பார். ஒப்புக்கொள்பவர்கள் 👍 போடவும்.

4பி: 👍

1பி: 👍

கீதா 2பி: சார், செல்வி கண்ணகி நகரிலிருந்து வர வேண்டும். பஸ் இல்லாமல் ஐந்து மாதம் வேலையில்லாமல் இருந்தாள். தனியாரில் டெஸ்ட்டுக்கு 3,000 ரூபாய். அதை யார் கொடுப்பது?

செயலாளர் 1ஏ: மாநகராட்சி முகாமில் இலவசம்தானே.

சிஸ்டர் 2ஏ: இலவசம்தான். ஆனால் அந்தச் சான்று சாம்பிள் எடுத்த நாளுக்கு மட்டும்தான். மறுநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இருமினால் அது வெறும் காகிதம். அதையே காட்டிக்கொண்டு தைரியமாக உள்ளே வருவது இன்னும் ஆபத்து. கேட்டில் காய்ச்சல் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் எல்லோருக்கும் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலுக்குப் போய்விட்டு வரும் நமக்கும்.

செயலாளர் 1ஏ: நாம் குடியிருப்பவர்கள்.

சிஸ்டர் 2ஏ: கொரோனாவுக்கு எந்த வீட்டில் யார் ஓனர் என்று தெரியாது சார்.

சிஸ்டர் 2ஏ: ஒன்று சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏப்ரலில் இதே குழுவில்தான் "ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் லிஃப்டில் ஏறாமல் இருந்தால் நல்லது" என்று வந்தது. பெயர் போடவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பது இங்கே நான் ஒருத்திதான். இரண்டு மாதம் நைட் டியூட்டி முடித்து இரண்டு மாடி ஏறினேன்.

இரவு 8.58

ஷாஜஹான் பாய் 3ஏ: எங்கள் வீட்டில் யாரும் அதைக் கண்டித்து எழுதவில்லை சிஸ்டர். மன்னியுங்கள்.

கீதா 2பி: நானும்தான். அன்று 👍 போட்டேன் என்று நினைக்கிறேன்.

சிஸ்டர் 2ஏ: அது போகட்டும் விடுங்கள். லிஃப்ட் பற்றித்தான் உண்மையிலேயே யோசிக்க வேண்டும். பொத்தானை அமுக்கப் பல்குச்சி வைத்திருக்கிறோம், தினம் மூன்று முறை சானிடைசர் அடிக்கிறோம். அப்புறம் நான்கு பேர் அந்தப் பெட்டிக்குள் ஏறி, மாஸ்க்கை இறக்கிவிட்டு, கபசுரக் குடிநீர் எந்தக் கடையில் நல்லது என்று பேசிக்கொண்டு போகிறோம். விரலைவிட அந்தக் காற்றுதான் பயம். யாராக இருந்தாலும் இரண்டு பேர், பேச்சு இல்லை. படிக்கட்டு ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம். அவ்வளவுதான் என் யோசனை.

கார்த்தி 3சி: 3ஆம் மாடி ஜன்னல் மார்ச் மாதம் பெயின்ட் அடித்ததிலிருந்தே திறக்க வரவில்லை. நாளை ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு பார்க்கிறேன்.

செயலாளர் 1ஏ: சரி. சான்று வேண்டாம். லிஃப்டில் இரண்டு பேர், எல்லோருக்கும். செவ்வாய் காலை நோட்டீஸ் ஒட்டுகிறேன். கீதா, செல்வியை வரச் சொல்லுங்கள். அவள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லையே என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

இரவு 9.21

கீதா 2பி: செல்வியிடம் பேசினேன். அவள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். அப்புறம் அவள் என்னைக் கேட்டாள்: "அக்கா, உங்கள் பில்டிங்கில் யாருக்காவது இருக்கிறதா? வெளியூரிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா? மாமியாருக்குச் சர்க்கரை, நான் எதையாவது கொண்டுபோய் ஒட்டவிட்டால் தாங்க மாட்டார்." இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எனக்குத் தெரியாதே. அதனால் குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சொல்லுங்கள்.

(நான்கு நிமிடம் யாரும் எழுதவில்லை)

கார்த்தி 3சி: அது வந்து...

கார்த்தி 3சி: பெங்களூரிலிருந்து சித்தப்பா பையன் வெள்ளிக்கிழமை இரவு வந்தான். இ-பாஸ் எல்லாம் இருக்கிறது. 14 நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்று தெரியும். கதவில் ஸ்டிக்கர் ஒட்ட இன்னும் யாரும் வரவில்லை, நாங்களும் வாயைத் திறக்கவில்லை. நேற்று அவன் லிஃப்டில் இறங்கிக் கடைக்குப் போய் வந்தான். மாஸ்க் போட்டிருந்தான். ஸாரி.

4பி: நேற்றைக்கா? எத்தனை மணிக்கு??

சிஸ்டர் 2ஏ: பதற வேண்டாம். கார்த்தி, அவனுக்குத் தனி அறையா? காய்ச்சல், தொண்டை வலி, வாசனை தெரியாமல் இருப்பது எதுவும் இல்லையே?

கார்த்தி 3சி: தனி அறைதான் அக்கா. எதுவும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறான், அதுதான் பிரச்சினை.

சிஸ்டர் 2ஏ: நாளை மண்டல அலுவலகத்தில் நீயே சொல்லிவிடு. 11ஆம் தேதி வரை நீங்கள் எல்லோருமே இறங்க வேண்டாம். என்னிடம் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது, வாசலில் வைக்கிறேன். ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போனால் இரவு இரண்டு மணியானாலும் கதவைத் தட்டு. ஜன்னலை வேறு யாராவது பார்ப்பார்கள்.

ஷாஜஹான் பாய் 3ஏ: பால், தயிர், காய்கறி நான் வாங்கி வைக்கிறேன் தம்பி. லிஸ்ட் அனுப்பு.

கீதா 2பி: செல்வியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். 14ஆம் தேதி திங்கட்கிழமை வருகிறாளாம். சம்பளம் 1ஆம் தேதியிலிருந்தா, 14-லிருந்தா என்று கேட்கிறாள். அவளை வேலைக்கு வைத்திருக்கும் நான்கு வீட்டுக்கும் இந்தக் கேள்வி.

செயலாளர் 1ஏ: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஷாஜஹான் பாய் 3ஏ: 1ஆம் தேதியிலிருந்து.

கீதா 2பி: நானும் அப்படியே.

செயலாளர் 1ஏ: சரி, 1ஆம் தேதியிலிருந்தே.

4பி: 👍

பாட்டி 1சி: கார்த்தி, அந்தப் பையனுக்கு மிளகு ரசம் கொடுத்து அனுப்பட்டுமா?

கார்த்தி 3சி: வாசலில் வைத்துவிட்டு மணி அடிக்கச் சொல்லுங்கள் பாட்டி. பாத்திரத்தை 11ஆம் தேதிக்குப் பிறகுதான் தருவேன்.