தரம் 1 முதல் 4 வரை “எத்தனையாம் பிள்ளை” என்று எழுதுவது தேவைதானா?

களுவாஞ்சிக்குடித் தந்தை:
இவ்வாண்டு முதல் ஆண்டிறுதி முன்னேற்ற அறிக்கையில் வகுப்பு நிலை, அதாவது எத்தனையாம் பிள்ளை என்பது, எழுதப்படமாட்டாது என்றும், தேர்ச்சி மட்டமும் ஆசிரியரின் குறிப்பும் மட்டுமே இடம்பெறும் என்றும் எங்கள் பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் மகள் தரம் 3 இல் கற்கிறாள். தரம் 5 இல் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அமரும்போது, இரண்டு வினாத்தாள்களுக்கும் சேர்த்து 200 புள்ளிகளில் அவள் எவ்வளவு எடுத்தாள் என்பதைத்தான் பார்ப்பார்கள். சித்தியடையத் தேவையான வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் அவளுடைய ஆளுமை வளர்ச்சியை எவரும் விசாரிக்கப்போவதில்லை. பத்து வயதில் தெரியத்தான் போகிறது என்றால், எட்டு வயதிலேயே தெரிந்து திருத்திக்கொள்வது நல்லதல்லவா?

படுவான்கரை ஆரம்பப்பிரிவு ஆசிரியை:
ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நிலையைப் பார்த்து நீங்கள் எதைத் திருத்துவீர்கள் என்பதுதான் என் கேள்வி. சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு பையன் ஜனவரியில் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தான். “வண்டி” என்ற சொல்லில் மெய்யெழுத்தை விட்டுவிட்டு எழுதினான். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பெரும்போக அறுவடைக்காகக் குடும்பம் வயல் வாடியில் தங்கியதால் பல நாள்கள் வரவுமில்லை. அதே பிள்ளை மூன்றாம் தவணையில் தன் வீட்டு எருமைக்கன்றைப் பற்றி அரைப்பக்கம் எழுதினான். முதலாம் தவணையிலும் மூன்றாம் தவணையிலும் அவன் பதினோராம் பிள்ளைதான், ஏனென்றால் மற்றப் பிள்ளைகளும் வளர்ந்திருந்தார்கள். வகுப்பு முழுவதும் முன்னேறினால் நிலை அசைவதில்லை. ஆகவே ஓராண்டில் ஒரு பிள்ளை கடந்த தூரத்தை அந்த இலக்கத்தால் காட்டவே முடியாது.

இன்னொன்றையும் பாருங்கள். ஜனவரி 31 ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியானவர்களைத்தான் தரம் 1 இல் சேர்க்கிறோம். அதனால் பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும், அதற்கு அடுத்த ஜனவரியில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். அவர்களுக்கிடையில் ஏறத்தாழ ஒரு வயது வித்தியாசம் உண்டு. அந்த வயதில் ஓராண்டு என்பது பென்சில் பிடிக்கும் கையிலேயே தெரியும் வேறுபாடு. இருவரையும் வரிசையில் நிறுத்தி இளையவனைப் பின்தங்கியவன் என்கிறோம்.

களுவாஞ்சிக்குடித் தந்தை:
ரீச்சர், உங்களைப் போல எல்லோரும் எழுதினால் நான் வாய் திறக்கமாட்டேன். மகளின் அறிக்கையில் மூன்று தவணைகளிலும் இருந்த குறிப்பு “நன்று, இன்னும் முயற்சிக்கவும்” என்பதுதான். எதில் முயற்சிப்பது, பெருக்கலிலா, வாசிப்பிலா? இலக்கத்தையும் எடுத்துவிட்டால் பெற்றோரின் கையில் எஞ்சுவது அந்த ஒரு வரிதான்.

சம்மாந்துறை, ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்:
இந்த விவாதம் புதியதன்று. ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1998 இல் கம்பஹா மாவட்டத்தில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டு, 1999 இல் நாடெங்கும் விரிந்தபோது, தரம் 1–2, தரம் 3–4, தரம் 5 என மூன்று முதன்மை நிலைகளாக, அதாவது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பிள்ளை அடைந்திருக்கவேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை வரையறுத்தார்கள். விளையாட்டிலும் செயற்பாட்டிலும் தொடங்கி எழுத்துவேலைக்கு மெதுவாக நகரவேண்டும் என்பதே அதன் அடிப்படை. பிள்ளையைப் பிள்ளையோடு ஒப்பிடும் எண்ணம் அதில் இல்லை. தேர்ச்சியோடு ஒப்பிடும் எண்ணமே இருந்தது. ஆனால் கள நிலைமையை மறைப்பதில் பயனில்லை. ஒரே பேனையால், ஒரே நாளில், வகுப்பிலுள்ள அனைவருக்கும் ‘சரி’ அடையாளம் இடப்பட்ட தேர்ச்சிப் பதிவேடுகளை நான் மேற்பார்வையின்போது கண்டிருக்கிறேன். அத்தகைய பதிவேட்டைவிடத் தவணைப் பரீட்சைப் புள்ளி நேர்மையானது என்று தந்தை சொன்னால் என்னிடம் மறுமொழி இல்லை. எனினும் புள்ளி வேறு, நிலை வேறு. கணிதத்தில் 62 என்றால் ஏதோ ஒன்று தெரிகிறது. ஒன்பது பிள்ளைகள் படிக்கும் சிறிய பாடசாலையின் முதலாம் பிள்ளையையும், நாற்பது பேர் இருக்கும் நகர வகுப்பின் பதினெட்டாம் பிள்ளையையும் பார்த்து எவர் கூடக் கற்றார் என்று யாரால் சொல்லமுடியும்?

திருக்கோவில் தாய், கட்டாரிலிருந்து:
மகனை அம்மம்மாதான் பார்த்துக்கொள்கிறார். அறிக்கையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பதினான்காம் பிள்ளை என்ற வரியைப் பார்த்து இங்கிருந்து அவனை ஏசியதைத் தவிர, அந்த இலக்கத்தால் எனக்கு எந்தப் பயனும் கிடைக்கவில்லை. ஆட்களைக் கண்டால் அம்மம்மாவின் பின்னால் ஒளிந்த பிள்ளை, இப்போது காலைக்கூட்டத்தில் செய்தி வாசிக்கிறான் என்பதை வகுப்பாசிரியையின் குரற்பதிவு ஒன்றால்தான் அறிந்தேன். அது அறிக்கையில் எங்குமே இல்லை.

களுவாஞ்சிக்குடித் தந்தை:
சகோதரி, மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஆளுமையை அறிக்கையில் ஏற்றத் தொடங்கினால், முன்னுக்கு வந்து பேசும் பிள்ளைக்குப் பாராட்டும் அமைதியான பிள்ளைக்குக் குறையும் எழுதப்படும். ரீச்சருக்குப் பிடித்த பிள்ளை யார் என்பதும் அதில் நுழைந்துவிடும். விடைத்தாளில் பாகுபாடு காட்டுவது அவ்வளவு இலகுவன்று.

படுவான்கரை ஆரம்பப்பிரிவு ஆசிரியை:
உண்மை. அதனால்தான் ஆளுமைக்குப் புள்ளியோ “சிறப்பு”, “சாதாரணம்” என்ற பட்டமோ இடக்கூடாது என்கிறேன். நடந்ததை எழுதினால் போதும்: “முதலாம் தவணையில் பென்சில் தொலைந்தால் அழுவாள், இப்போது பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு வாங்கி, திருப்பிக் கொடுக்கிறாள்.” அமைதியான பிள்ளைக்கும் இப்படி எழுத நிறைய உண்டு. கற்றலுக்கு இன்னும் இலகுவான வழி இருக்கிறது. மாதம் ஒருமுறை, திகதியிட்டு, உதவியின்றி ஒரு பக்கம் எழுதவைத்து அதைக் கோவையில் சேர்த்துவிடலாம். நவம்பரில் மழை தொடங்கி வரவு குறையுமுன் பெற்றோரை அழைத்து முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் வித்தியாசம் விளங்கும்.

களுவாஞ்சிக்குடித் தந்தை:
முப்பத்தெட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதை யார் செய்வார்?

சம்மாந்துறை, ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்:
ஒரே நாளில் செய்ய முனைந்தால் எவராலும் முடியாது. கிழமைக்கு நான்கு பிள்ளைகள் எனக் குறித்துக்கொண்டால், ஒரு தவணைக்குள் அனைவரையும் ஒருமுறை கவனித்துவிடலாம். இரண்டு தரங்களை ஒரே ஆசிரியர் கற்பிக்கும் இடங்களில் சிரமம் கூடத்தான் செய்யும்; அங்கே நிலை தயாரிக்கக் கூட்டிக் கழிக்கும் நேரத்தையாவது இதற்குக் கொடுக்கலாம்.

களுவாஞ்சிக்குடித் தந்தை:
தரம் 1, 2 இல் நிலை வேண்டாம் என்பதை ஏற்கிறேன். வயது வித்தியாசத்தைப் பற்றி ரீச்சர் சொன்னது சரி. ஆனால் தரம் 3 முதல் பாடவாரியான புள்ளி எண்ணாகவே வரவேண்டும், நிலையைக் கேட்டுவரும் பெற்றோருக்கு அதையும் சொல்லவேண்டும் என்பதில் நான் மாறவில்லை. அடுத்த கூட்டத்தில் அதை எழுத்தில் கொடுக்கப்போகிறேன். மாதம் ஒரு பக்கம் என்ற யோசனையையும் அதே கடிதத்தில் சேர்ப்பேன். அதற்கான கொப்பியைப் பெற்றோர் சங்கம் வாங்கிக் கொடுக்கலாம்.