600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்குச் சொத்து வரி விலக்கு வேண்டுமா?

கீழ்த்தளவாசி:
2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்து வரியைச் சீராய்வு செய்தபோது, 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்குச் சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 50 விழுக்காடும், 2011-இல் இணைக்கப்பட்ட பகுதிகளிலும் பிற நகரங்களிலும் 25 விழுக்காடும் உயர்த்தியது. அதோடு நில்லாமல் ஆண்டுதோறும் உயர்வு என்ற ஏற்பாடும் வந்து, சென்னையில் 2024 இரண்டாம் அரையாண்டில் 6 விழுக்காடு கூடியது. மும்பையிலோ, 2022 சனவரி 1 முதல் 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு வரியே இல்லை. ஏறத்தாழ 16 லட்சம் குடும்பங்கள் பயன்பெறும் என்றார்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு வீடு ஒரு வருமானமன்று. பத்திரத்தில் மதிப்பு ஏறுவதால் அவர் கையில் ஒரு ரூபாயும் கூடுவதில்லை. ஒவ்வொரு ஊரின் மாமன்றமும் (மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி உறுப்பினர்களின் அவை) இத்தகைய விலக்கைக் கோரித் தீர்மானம் இயற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

வரவுசெலவு:
உங்கள் அக்கறை நியாயமானது. வழிதான் தவறு என்று நினைக்கிறேன். சென்னையின் பழைய பகுதியில் 1998-க்குப் பிறகும், பிற நகரங்களில் 2008-க்குப் பிறகும் வரி உயராமலே இருந்தது. 2018-இல் உயர்த்தியதை, உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அரசே நிறுத்தி வைத்தது. விலைவாசி ஏற ஏற, உயராத வரி ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது என்றுதான் பொருள். அதில் பெரும் ஆதாயம் பெற்றவர்கள் பெரிய மனைக்காரர்கள். படிப்படியாக ஏறியிருக்க வேண்டியது ஒரே அடியாக விழுந்ததால்தான் இன்று வலிக்கிறது.

மத்திய நிதியை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பகிரப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவில், 2021-26 காலத்துக்கான பதினைந்தாவது குழு விதித்த நிபந்தனையையும் பாருங்கள். மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக உயர வேண்டும், அப்போதுதான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் கிடைக்கும் என்றது அது. விலக்கு அளிக்கும் நகராட்சி தன் வரியோடு அத்தகைய மானியத்தையும் பணயம் வைக்கிறது. மும்பை, நாட்டிலேயே மிகப் பெரிய வரவு செலவுத் திட்டம் கொண்ட மாநகராட்சி, அது தாங்கும். ஊழியர் சம்பளத்துக்கே திணறும் நம் சிறு நகராட்சி தாங்குமா?

நம் ஊரில் சொத்து வரியோடு, ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் வசூலாகிறது. கிளை நூலகத்தில் நாளிதழ் வாங்குவதும் புதிய புத்தகம் வருவதும் அந்தக் காசில்தான். வீட்டு வரியை நீக்கினால் அதுவும் சேர்ந்தே போகும்.

கடைவீதி:
வீடுகளைப் பற்றியே பேசுகிறீர்கள். அதே 2022-இல் சென்னையின் பழைய பகுதியில் வணிகக் கட்டடங்களுக்கு 150 விழுக்காடு உயர்ந்தது. எங்கள் தெருவில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில் தையல் இயந்திரம் வைத்திருப்பவரின் வாடகையில், உரிமையாளர் அந்த உயர்வை அப்படியே ஏற்றிவிட்டார். ரசீது உரிமையாளர் பெயரில் வருகிறது, பணம் தையற்காரருடையது. அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் என்கிறார்கள். அந்தச் சலுகையும் உரிமையாளருக்கே போகிறது. பெரிய நிறுவனங்களுக்கு மாநிலத் தொழிற்கொள்கை முத்திரைத் தீர்வையிலும் மின்சார வரியிலும் சலுகை தருகிறது. தெருவுக்குத் தெரு வேலை தரும் சிறு கடைக்கு உள்ளாட்சி தரும் ஊக்கம் என்ன?

வரவுசெலவு:
சிறு கடைக்குக் குறைந்த விகிதம் வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். பெரு வணிக வளாகத்தையும் பத்தடிக் கடையையும் ஒரே விகிதத்தில் உயர்த்தியது சரியன்று.

ஆனால், சலுகை கொடுத்தால் வளர்ச்சி வரும் என்ற வாதத்தைச் சென்னையின் ஓ.எம்.ஆர். என்னும் பழைய மாமல்லபுரம் சாலையில் வைத்துப் பாருங்கள். தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களும் அடுக்ககங்களும் அங்கே குவிந்தன. பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த பின்னும் பல ஆண்டுகள் அங்குள்ளவர்கள் தண்ணீர் லாரியையும் கழிவுநீர் லாரியையும் நம்பியே இருந்தார்கள். கட்டடம் வந்துவிட்டது, குழாய் வரவில்லை. அந்தக் குடும்பங்கள் மாதந்தோறும் லாரிக்குக் கொடுத்த பணம் யாருடைய கணக்கிலும் வரியாகப் பதிவாகவில்லை, ஆனால் அதுவும் வரிதான். நிறுவனத்தை ஓர் ஊருக்கு இழுப்பது சாலையும் தண்ணீரும் வடிகாலும். அவற்றுக்குப் பணம் வரும் வழியை அடைத்துவிட்டு ஊக்கம் தருவதில் பயனில்லை.

கீழ்த்தளவாசி:
குழாய் வரவேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தக் குழாய்க்கான பணத்தைச் சிறு வீட்டுக்காரரிடம்தான் எடுக்க வேண்டுமா? சென்னையிலும் கோவையிலும் ட்ரோன் கொண்டு கட்டடங்களை அளந்தது எதற்காக? கணக்கில் ஒரு தளம் காட்டிவிட்டு மூன்று தளம் எழுப்பியவர்களைப் பிடிக்கத்தானே? விடுபட்ட பரப்பு முழுவதையும் வரிக்குள் கொண்டுவந்தால், 600 சதுர அடி வீடுகளிலிருந்து வருவதை ஈடுகட்ட முடியும் என்று நம்புகிறேன். மாதம் 1 விழுக்காடு தாமத வட்டிக்கு அஞ்சி முதல் ஆளாகக் கட்டுபவர்கள் எளியவர்கள். வழக்குப் போட்டு நிலுவை வைப்பவர்கள் வேறு.

வரவுசெலவு:
விடுபட்ட பரப்பைப் பிடிக்க வேண்டும், நிலுவையை வசூலிக்க வேண்டும். இரண்டிலும் உங்கள் பக்கமே நிற்கிறேன். ஆனால் பரப்பளவை வைத்து ஏழ்மையை அளக்க முடியாது. மும்பையின் தெற்கே கோடிக்கணக்கில் விலைபோகும் 480 சதுர அடி வீட்டுக்கும் விலக்கு உண்டு. புறநகரில் அண்ணன் தம்பி இரு குடும்பங்கள் சேர்ந்து வாழும் 550 சதுர அடி வீட்டுக்கு இல்லை. நீங்கள் கேட்கும் விலக்கு இங்கே வந்தால், 550 சதுர அடியில் ஐந்து வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டவர் ஐந்துக்கும் வரி கட்டமாட்டார், வாடகையையும் குறைக்கமாட்டார்.

கடைவீதி:
அதுதான் என் அச்சமும். உரிமையாளருக்குத் தரும் சலுகை குடியிருப்பவரையோ கடை நடத்துபவரையோ வந்தடையும் என்பதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

கீழ்த்தளவாசி:
அப்படியானால் விலக்கைச் சொந்தக் குடியிருப்புக்கு, அதுவும் ஒருவருக்கு ஒரே வீட்டுக்கு மட்டும் என்று வரையறுக்கலாம். நூலக வரியை மட்டும் தொடர்ந்து வாங்கிக்கொள்ளட்டும்; அதை யாரும் மறுக்கமாட்டார்கள். மும்பையிலேயே 2019-இல், சொத்து வரியின் ஒரு பகுதியான பொது வரிக்கு மட்டும் விலக்களித்து, மற்ற இனங்களைத் தொடர்ந்து வசூலித்தார்கள்.

வரவுசெலவு:
இந்த வடிவத்தில் பேசலாம். ஆனாலும் பரப்போடு தெருவின் அடிப்படை மதிப்பையும் (அந்தத் தெருவுக்கு உள்ளாட்சி சதுர அடிக்கு நிர்ணயித்திருக்கும் மதிப்பு) சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பேன், ஏனெனில் வரியைக் கணக்கிடும்போது அந்த மதிப்பு ஏற்கெனவே அலுவலகத்தின் கையில் இருக்கிறது, புதிதாக ஆய்வு நடத்தத் தேவையில்லை. விலக்கால் எவ்வளவு இழப்பு, அது எந்த இனத்தில் ஈடுசெய்யப்படும் என்ற இரு தொகைகளையும் தீர்மானத்தின் வாசகத்திலேயே எழுதி, வாக்கெடுப்புக்கு முன் மாமன்ற உறுப்பினர்கள் கையில் கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவது தொகை வெறுமையாக இருக்குமானால், என் வார்டு உறுப்பினரை எதிர்த்தே வாக்களிக்கச் சொல்வேன்.