பழைய வீட்டை ஒட்டிக் குளியலறை கட்டுகிறோம்: உப்புப் பூத்த சுவருக்குச் சிமெண்ட் பூசலாமா?

கோட்டையூர் மருமகள்:
கோட்டையூரில் மாமனார் வழி வீடு, பங்காளிகளுக்குப் பொது. மாமியாருக்கு மூட்டுவலி. கொல்லைக்குப் போய்வர முடியவில்லை. அதனால் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் எங்கள் பங்கு அறையை ஒட்டிக் குளியலறையும் கழிப்பறையும் சேர்க்கிறோம். பங்காளிகள் அனைவரிடமும் கையெழுத்து வாங்கியாயிற்று (கட்டுவதைவிட அதுதான் பெரிய வேலை). மழைக்கு முன்பே கடைக்கால் போட்டோம்; இப்போது சுவர் லிண்டல் மட்டத்தில் நிற்கிறது.

சிக்கல் பழைய சுவரில். இந்த மழைக்குப் பிறகு அறையின் உட்புறம் இடுப்பளவுக்கு உப்புப் பூக்கிறது. விரல் பட்டாலே பூச்சு மாவாக உதிர்கிறது. அதற்கு மேலே அந்தக் காலத்து முட்டைப் பூச்சு (சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது), விளக்கு வைத்தால் சுடர் தெரியும் அளவுக்கு வழுவழுப்பாக இருக்கிறது. “கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசினால் இரண்டு நாள் வேலை” என்கிறார் கொத்தனார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொன்று, குளியலறைக்கு ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்) பதிக்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. சரிப்படுமா?

காரைக்குடி சுண்ணாம்புக்காரன்:
சிமெண்ட் வேண்டாம் ஆச்சி. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவரில் தரை ஈரம் ஏறினாலும் பூச்சு வழியாகவே ஆவியாகிவிடும். சிமெண்டால் மூடினால் ஈரம் வெளியேற வழி தேடி இன்னும் மேலே ஏறும். அடுத்து உங்கள் முட்டைப் பூச்சில் உப்புப் பூக்கும்.

கெட்டுப்போனதை மட்டும் கொத்தி எடுங்கள். உப்பைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். நன்றாக உலரவிட்டு, நீற்றிய சுண்ணாம்பும் சலித்த மணலும் கடுக்காய்த் தண்ணீரில் குழைத்து மெல்லிசாகப் பூசுங்கள். ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. அவசரப்படுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு ஒத்துவராது.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். இத்தனை காலம் இல்லாத ஈரம் எங்கிருந்து வந்தது? முற்றத்து மழைநீர் போகும் பழைய வடிகால் அந்தப் பக்கமாகத்தான் போகிறதா? கடைக்கால் தோண்டும்போது அதை அடைத்திருப்பார்கள். முற்றத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
குளியலறைக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டாம் ஆத்தா. அது சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. கழிப்பறை கழுவும் ஆசிட் பட்டால் பூவும் போய்விடும், பளபளப்பும் போய்விடும். ஈரத்தில் வழுக்கும் வேறு. மூட்டுவலிக்காரருக்காகக் கட்டுகிற இடத்தில் ஏன் இந்த வம்பு? சொரசொரப்பான கல்லாகப் போடுங்கள். கணவரின் ஆசைக்கு வெளியே நடைபாதை இருக்கிறதே. நாள்தோறும் துடைக்கத் துடைக்க அங்கே மெருகேறும்.

சிங்கப்பூர் பொறியாளர்:
புதுச்சுவரைப் பழைய சுவரில் பல் விட்டு, அதாவது செங்கற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, சேர்த்துவிட்டார்களா? புதுக் கடைக்கால் கொஞ்சம் அமரத்தான் செய்யும். பழையது எப்போதோ அமர்ந்துவிட்டது. இறுக்கிப் பிணைத்தால் சேரும் இடத்தில் விரிசல் விழும். இடைவெளி விட்டு, இளகும் பொருளால் அடைப்பது நல்லது.

கோட்டையூர் மருமகள்:
அண்ணன் சொன்னதுதான்! ஊற்றிய தண்ணீர் தெருப்பக்கம் வரவேயில்லை, முற்றத்து மூலையிலேயே தேங்கி நின்றது. தோண்டினால் வடிகால் நிறையக் கடைக்கால் ஜல்லியும் உடைந்த செங்கல்லும். குளியலறையைச் சுற்றிக் குழாய் பதித்துத் தெருவுக்கு விடுகிறோம். கொத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், வேலை மட்டும் நடக்கிறது.

பொறியாளர் அவர்களுக்கு: பல் விடவில்லை, ஒட்டித்தான் எழுப்பியிருக்கிறார்கள். கான்கிரீட் போடும் முன் இடைவெளியைக் கேட்டுச் செய்கிறேன். கணவர் இப்போது நடைபாதைக்குப் பூ தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். சுண்ணாம்பு அண்ணன், சுவர் உலர்ந்ததும் பூச்சுக்கு நீங்களே ஆள் அனுப்ப முடியுமா?