வெளிநாட்டு பில்லுக்கு 20% டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்தே ஆக வேண்டுமா? அவசரம்

பாலிபேக்: வணக்கம். வெளிநாட்டு கம்பெனி ஒன்றுக்கு 12 லட்சம் ரூபாய் அனுப்ப வேண்டும். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 10% போதும் என்கிறார்கள். எங்கள் ஆடிட்டரோ 20.8% பிடிக்காமல் 15சிபி (பணம் அனுப்ப ஆடிட்டர் தரும் வரிச் சான்று) தர மாட்டேன் என்கிறார். டிஆர்சி (அவர்கள் நாட்டு வரி வசிப்புச் சான்று), 10எஃப் (ஒப்பந்தச் சலுகைக்கு அவர்கள் தரும் விவரப் படிவம்) எல்லாம் கொடுத்துவிட்டோம். திங்கட்கிழமைக்குள் பணம் போக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாள்பேரேடு: எந்த நாடு? என்ன வேலை? அவர்களுக்கு இங்கே பான் இருக்கிறதா?

கடைசிதேதி: பான் இல்லை, அதனால்தான் 20%. 1961 வருமான வரிச் சட்டம், பிரிவு 206ஏஏ. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

நாள்பேரேடு: அதற்கு 37பிசி விதியில் விலக்கு உண்டே. பெயர், முகவரி, மின்னஞ்சல், போன், டிஆர்சி, அவர்கள் நாட்டு வரி எண் கொடுத்தால் போதும். 20.8 என்பது 20-உம் அதன் மேல் 4% செஸ்ஸும். வெளிநாட்டவரின் தொழில்நுட்பக் கட்டணத்துக்கு அதே சட்டத்தின் 115ஏ பிரிவு சொல்லும் விகிதம் அது, 2023 நிதிச் சட்டத்தில் 10-லிருந்து 20 ஆனது. ஆடிட்டர் ஒப்பந்தத்தையே ஏற்கவில்லை என்று அர்த்தம். ஏன் என்று கேட்டீர்களா?

பாலிபேக்: சிங்கப்பூர். பான் இல்லை. எங்கள் பை தயாரிப்பு லைனுக்கு கேமரா சோதனை மென்பொருளைச் சரிசெய்து கொடுத்தார்கள். இங்கே யாரும் வரவில்லை. பில் 2025 ஜனவரி.

ஏற்றுமதிக்காரன்: சிங்கப்பூரா? அப்படியானால் 10% கூட வேண்டாம்! அந்த ஒப்பந்தத்தின் 12-வது பிரிவில், தொழில்நுட்ப அறிவை நமக்குக் கைமாற்றிக் கொடுத்தால்தான் இங்கே வரி. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனால் வரி இல்லை. 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, இங்கே வரி விதிக்க முடியாத தொகைக்கு டிடிஎஸ்ஸும் கிடையாது.

கடைசிதேதி: தப்பாகப் போனால் 12 லட்சச் செலவே கணக்கில் ஏறாது, மாதம் 1% வட்டி வேறு. பேசாமல் 10% பிடித்துவிடுங்கள்.

ஏற்றுமதிக்காரன்: 10% பிடித்தால் அவர்கள் இங்கே ரிட்டர்ன் போட வேண்டி வரும். 115ஏ விகிதத்துக்குக் குறையாமல் பிடித்திருந்தால்தான் ரிட்டர்ன் போடுவதிலிருந்து விலக்கு. ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான வரிக்காக அவர்களை அலைக்கழிப்பதா?

கடைசிதேதி: அலைவது அவர்கள். நோட்டீஸ் வருவது நமக்கு.

பழையஆடிட்டர்: ஆளுக்கொரு பிரிவு எண்ணைச் சொல்கிறீர்கள், காகிதத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அடிப்படை தெரிந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தம்பி, டிஆர்சியில் எந்த வருடம் போட்டிருக்கிறது? 10எஃப் வருமான வரி போர்ட்டலில் போட்டதா, கையெழுத்திட்டு ஸ்கேன் செய்ததா? அவர்களோடு போட்ட வேலை ஒப்பந்தத்தில் பயிற்சி உண்டா?

பாலிபேக்: டிஆர்சி 2024. 10எஃப் ஸ்கேன்தான், நீல மையில் கையெழுத்து, கம்பெனி முத்திரை எல்லாம் இருக்கிறது. பயிற்சி உண்டு, எங்கள் ஆட்கள் மூன்று பேருக்கு வீடியோவில் இரண்டு வாரம். இப்போது சோதனை அளவுகளை அவர்களே மாற்றிக்கொள்கிறார்கள்.

பழையஆடிட்டர்: இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். சிங்கப்பூர் டிஆர்சி காலண்டர் வருடத்துக்கு வருவது. 2025 ஜனவரி பில்லுக்கு 2024 சான்று உதவாது. பான் இல்லாதவர்களுக்குக் காகித 10எஃப் 2023 செப்டம்பர் 30 வரைதான். போர்ட்டலில் பான் இல்லாத வெளிநாட்டவருக்குத் தனிப் பதிவு இருக்கிறது, ஓடிபி அவர்கள் போனுக்கே போகும். அப்புறம், உங்கள் ஆட்கள் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றால் அது அறிவைக் கைமாற்றியதுதான், வரியே இல்லை என்ற பேச்சை விடுங்கள்.

ஏற்றுமதிக்காரன்: பயிற்சிக்குத் தனித் தொகை இருந்தால் மற்றதற்கு என் வாதம் நிற்கும்.

நாள்பேரேடு: டிஆர்சியிலேயே எல்லா விவரமும் இருந்தால் 10எஃப் தேவையில்லை என்று 21ஏபி விதி சொல்கிறதே?

பழையஆடிட்டர்: விதி அப்படித்தான். திங்கட்கிழமைக்குள் அதை வாதாடி ஜெயிக்கப் போகிறீர்களா?

கடைசிதேதி: ரிவர்ஸ் சார்ஜ் ஜிஎஸ்டி (வாங்குபவரே கட்டுவது) 18% கட்டினீர்களா?

நாள்பேரேடு: அது தனி இழை, இங்கே வேண்டாம்.

பாலிபேக்: 2025 டிஆர்சி வந்தது, 10எஃப்பும் போர்ட்டலில் போட்டார்கள். தொகை பிரிக்கப்படவில்லை, மொத்தத்துக்கும் 10%. 1,20,000 பிடித்து மீதி வியாழக்கிழமை போனது. எல்லோருக்கும் நன்றி.