ராட்டிஃபிகேஷன்: ஒரே சொல் போதாது

> ராட்டிஃபிகேஷன் என்பதைத் தமிழில் "நாடாளுமன்றம் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது" என்று எழுதலாமா? 'பின்னேற்பு' இன்னும் எளிமையாக இருக்கிறதே?

கடலூர் நண்பருக்கு வணக்கம்.

பின்னேற்பு வேண்டாம் என்பேன். அரசு அலுவலகங்களில் அந்தச் சொல் ஏற்கெனவே வேலை பார்க்கிறது. செலவைச் செய்துவிட்டு, பிறகு கோப்பை மேலே அனுப்பி வாங்கும் ஒப்புதலுக்கு அதுதான் பெயர். உடன்படிக்கையின் கதை வேறு. ஏற்புறுதி வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தால், அது வரும்வரை உடன்படிக்கை நாட்டைக் கட்டுப்படுத்தாது.

'ஏற்புறுதி' நல்ல சொல். உடன்படிக்கைக்குக் கட்டுப்படுகிறோம் என்று அரசு தரும் இறுதி உறுதி அது. ஆனால் நாடாளுமன்றம் செய்வது அதுவல்ல. இதை விளக்க எங்கள் புதுச்சேரியே போதும்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. முடிந்ததா? இல்லை. நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்துக்குத் தன் நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும் என்பது பிரெஞ்சு அரசியல் சட்டம். அந்தச் சம்மதம் 1962இல்தான் கிடைத்தது. அப்புறம் ஆகஸ்ட் 16 அன்று இரு நாடுகளும் ஏற்புறுதி ஆவணங்களை மாற்றிக்கொண்டன. அதுவரை ஆட்சி இந்தியாவிடம், சட்டப்படி மண் பிரான்சிடம்.

பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதித்தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த ஆறு மாதம் எப்போது தொடங்கியது? கையெழுத்திட்ட நாளிலும் இல்லை, பாரிசில் வாக்களித்த நாளிலும் இல்லை. ஆகஸ்ட் 16இல்தான். இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களின் பாஸ்போர்ட் அந்தத் தேதியைப் பிடித்துத்தான் தீர்மானமானது. நாடாளுமன்றம் தந்த சம்மதத்தையும் அரசு தந்த உறுதியையும் ஒரே சொல்லால் எழுதினால், இந்த வேறுபாட்டைத் தமிழில் சொல்லவே முடியாமல் போகும்.

அமெரிக்காவிலும் இப்படித்தான். செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் சம்மதம் தருகிறது; ஏற்புறுதி செய்பவர் குடியரசுத் தலைவர். முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் சமாதான உடன்படிக்கைக்கு அந்த மூன்றில் இரண்டு கிடைக்காமல் போனது 1920இல்.

ஆகவே நாடாளுமன்றம் தரும் சம்மதத்துக்கு நான் முன்வைக்கும் சொல்: அவையிசைவு. அவையிசைவு கோரினர், அவையிசைவு பெற்ற உடன்படிக்கை, அவையிசைவு மறுப்பு. எப்படித் திருப்பினாலும் வளைந்து கொடுக்கிறது.

– புதுச்சேரியிலிருந்து

> அவை இசைவு தந்தன என்று படித்துவிட மாட்டார்களா? 'மன்றிசைவு' என்றால்?

சேர்த்து எழுதினால் குழப்பம் வராது ஐயா. அவையடக்கம் என்ற சொல்லில் யாரும் தடுமாறுவதில்லை. குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று அதிகாரங்களே இருக்கின்றன. மன்று என்றால் பலருக்கு நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். அங்கேதான் உண்மையான குழப்பம்.

> சரி. ஆனால் இந்தியாவில் உடன்படிக்கைக்கு நாடாளுமன்ற ஒப்புதலே கட்டாயமில்லையே. நமக்கு எதற்கு இந்தச் சொல்?

அதனால்தான் கட்டாயம் வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்லவும் பெயர் தேவை. நம் நாட்டில் உடன்படிக்கை செய்வது நிர்வாகத்தின் வேலை. அதை நிறைவேற்றச் சட்டம் வேண்டுமென்றால் அரசியல் சட்டத்தின் 253ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் இயற்றும். நாட்டின் மண்ணையே கொடுப்பதென்றால் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று, பெருபாரி பகுதியைப் பாகிஸ்தானுக்குப் பிரித்துக் கொடுப்பது பற்றிய வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. வங்கதேச எல்லை ஒப்பந்தம் 1974இல் கையெழுத்தானது. 2015இல் நூறாவது திருத்தம் வந்த பிறகுதான் நிலம் கைமாறியது.

அதே 1974இல்தான் கச்சத்தீவு ஒப்பந்தமும். கச்சத்தீவு இந்திய மண்தானா என்பதே தகராறு, ஆகவே கொடுத்ததாகாது என்பது மத்திய அரசின் வாதம்; திருத்தம் கொண்டுவரவில்லை. உங்கள் கட்டுரையில் "நாடாளுமன்ற ஏற்புறுதி இல்லாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இப்படி மாற்றிப் பாருங்கள்: "கச்சத்தீவு ஒப்பந்தத்துக்கு அரசின் ஏற்புறுதி உண்டு, அவையிசைவு கேட்கப்படவில்லை."